கொசுறுக் கணக்கு

காலை ஐந்தே முக்கால் மணிவாக்கில் எங்கள் வாட்ஸப் குரூப்பில் சித்தியின் குரல் வந்து விழும். பின்னால் காக்கை கத்துவது கேட்கும். காற்று மைக்கில் மோதி இரைவதும் கேட்கும். நேற்று வந்தது இது:

"நெத்திலி நல்லாக் காஞ்சிருக்கு, ஒடிச்சா டக்குன்னு ஒடியுது. பாறை இன்னைக்குக் கெடையாது. ரெண்டு நாளா மேகம் போட்டு அடிப்பக்கம் ஈரம் வாங்கிருச்சு, கேக்காதீங்க. திருக்கை மூணு கிலோதான் கெடக்கு. பிள்ளை பெத்த வீட்டுக்கு மொதல்ல, மத்தவங்க பெறகு பாத்துக்கலாம்."

நாற்பது நொடிகூட இருக்காது. எங்கள் கருவாட்டு வியாபாரத்துக்கு விளம்பரம் என்று இருப்பது இது மட்டும்தான். ஆறரை மணிக்குள் நெத்திலி தீர்ந்துவிட்டது. திருக்கைக்கு இரண்டு வீட்டிலிருந்து கேட்டார்கள். ஒன்று திருப்பூர், இன்னொன்று மேலூர். மேலூர்க்காரருக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் என்பது அப்படித்தான் எல்லோருக்கும் தெரிந்தது. அப்புறம் ஒரு மணி நேரத்துக்குக் கருவாட்டுப் பேச்சே இல்லை, வாழ்த்துதான்.

நான் சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஒன்பது வருடம் குப்பை கொட்டியவன். தலைக்கு வைக்கும் எண்ணெய் ஒன்றுக்கு ஒற்றை வரி எழுத பதினோரு பேர் மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறோம். அந்தப் பதினோரு பேரில் ஒருவராவது அந்த எண்ணெயைத் தலையில் தேய்த்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. "இன்னைக்கு சரக்கு சரியில்லை, கேக்காதீங்க" என்று நான் ஒரு வரி எழுதிக் கொண்டுபோயிருந்தால் அன்றைக்கே ஊருக்கு டிக்கெட் போட்டிருப்பார்கள்.

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் சித்தி வாழ்க்கைப்பட்டது 1988-இல். பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்ததும் அதே வருடம்தான். அதற்கு முன்னால் தீவிலிருந்து கருவாட்டுக் கூடையை அக்கரைக்குக் கொண்டுபோவதென்றால் ரயிலையும் படகையும் விட்டால் வழி கிடையாது. பாலம் வந்ததும் பஸ் வந்தது. சித்தி பனை ஓலைப் பெட்டியில் கருவாட்டை அடுக்கி, மேலே சாக்கு போட்டு மூடி, முதல் பஸ்ஸில் ஏறிவிடுவார். கண்டக்டர் பின் சீட்டுக்குப் போகச் சொல்வார், சித்தி போகமாட்டார். ராமநாதபுரம், பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி என்று உள்நாட்டுப் பக்கம் வாரத்துக்கு ஒரு திசை. கையில் காசு இல்லாத வீட்டில் மிளகாய் வத்தல் வாங்கிக்கொள்வார். இன்றைக்கு ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறதே, அதே குண்டு வத்தல்தான். அந்த வத்தல் எங்கள் வீட்டுக் குழம்புக்குக் கருவாட்டின் விலையாக வந்து சேரும்.

ஒவ்வொரு ஊரிலும் முதல் போணிக்கு என்று சித்தி ஒரு வீடு வைத்திருந்தார். முதுகுளத்தூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அது வாத்தியார் வீடு. பள்ளி விடுமுறையில் நானும் இரண்டு மூன்று முறை கூடப் போயிருக்கிறேன். வாத்தியார் சம்சாரம் கூடையைத் திண்ணையில் இறக்கச் சொல்வார். ஒரு பிடி நெத்திலியை அள்ளி மூக்கருகே கொண்டுபோவார். ஒன்றை ஒடித்து வாயில் போட்டு மெல்வார். அதுவரை சித்தி ஒரு வார்த்தை பேசமாட்டார், தெருவும் பேசாது. "பரவாயில்லை, போன தடவைக்கு இது தேவலை" என்று அந்த அம்மா சற்று சத்தமாகச் சொன்னால் எதிர்வீட்டுக் கதவு திறக்கும். "உப்பு கூடிப்போச்சு" என்றால் அன்றைக்கு அந்தத் தெருவில் வியாபாரம் படுத்துவிடும். சித்தி மறுபேச்சு பேசாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர் போவார்.

அடுத்த வாரமும் முதல் போணி அதே வீட்டில்தான். எனக்கு ஆத்திரமாக வரும். ஏன் அந்த வீட்டுக்கே போகிறீர்கள், வேறு வீட்டில் ஆரம்பித்தால் என்ன என்று கேட்டேன். "குறை சொல்ற வாயிதான்டா நல்லாருக்குன்னு சொன்னா எடுபடும்" என்றார்.

வாத்தியார் வீட்டுக்கு அதற்காக என்ன கிடைத்தது? ஒரு பிடி கொசுறு. எல்லோர் கண்ணுக்கும் முன்னால், திண்ணையில் வைத்து, வாங்கிய கருவாட்டுக்கு மேல் ஒரு பிடி. பதினைந்து வருடம் கழித்து சென்னையில் ஏசி அறையில் 'இன்ஃப்ளூயன்சர் மார்க்கெட்டிங்' என்று ஒருவர் ஸ்லைடு ஸ்லைடாகப் போட்டு விளக்கியபோது எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. ஸ்லைடில் இல்லாதது அந்த அம்மா குறை சொன்ன நாட்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பஸ் நின்றது, கூடையும் நின்றது. நான் ஊருக்கு வந்து சேர்ந்த இரண்டாம் மாதம் வேலையும் போனது. அதே வருடம் ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் தடையானது. என் மாமா மகன் வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் நின்று ஆடி ஆடி நாற்பதாயிரம் பேரைச் சேர்த்து வைத்திருந்தான். "பூராப் பேரும் எங்கிட்டுப் போனாங்கன்னே தெரியல மச்சான், ஒருத்தன் போன் நம்பர்கூட எங்கிட்ட இல்ல" என்று கடற்கரையில் உட்கார்ந்து சொன்னான். அப்போது சிரித்தேன். அந்தப் புலம்பலில் இருந்த பாடம் எனக்கு உறைக்க மூன்று வருடம் ஆனது.

சித்தியின் கையில் காய்ந்த கருவாடு இருந்தது. வாங்குகிற தெரு இல்லை. நான் 23 பேரை வைத்து ஒரு குரூப் தொடங்கினேன். பள்ளித் தோழர்கள், கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள், அவர்கள் மனைவிமார், அப்புறம் அந்த மனைவிமாரின் ஆபீஸ் தோழிகள். பழக்கதோஷத்தில் முதல் நாள் நான் ஒரு போஸ்டர் தயார் செய்தேன். நீலக் கடல், வெள்ளை எழுத்து, 'கடலின் சுவை உங்கள் இல்லத்தில்'. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒருவர் மட்டும் கைகூப்பினார். மறுநாள் சித்தி போனைப் பிடுங்கி, பட்டனை அமுக்கிக்கொண்டு, தெருவில் பேசுகிற மாதிரியே பேசினார். பாம்பனில் 2016-இலிருந்து 'கடல் ஓசை' என்று மீனவர்களுக்கான சமுதாய வானொலி 90.4-இல் ஓடுகிறது. எங்கள் வீட்டில் அது பாடிக்கொண்டே இருக்கும். அதனாலோ என்னவோ, மைக்குக்கு முன்னால் சித்திக்குக் கூச்சம் இல்லை. ஏழு பேர் ஆர்டர் சொன்னார்கள்.

அப்புறம்தான் வந்தது உண்மையான தலைவலி. முதல் பார்சலைக் கூரியர்க்காரர் கையில் வாங்கினார், மூக்கருகே கொண்டுபோனார், அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். "அண்ணே, இதே மூட்டையில ஒரு கல்யாணப் பட்டு போகுதுண்ணே" என்றார். நியாயம்தானே. குரூப்பில் நிலைமையைச் சொன்னேன். ஈரோட்டில் மசாலாப் பொடி பாக்கெட் போடும் ஒருவர் உள்ளே இருந்தார். அவர் அன்று ராத்திரியே வீடியோ காலில் வந்து சொல்லிக்கொடுத்தார். உள்ளே காற்றை உறிஞ்சிய கவர், அதற்கு மேல் இன்னொரு தடித்த கவர், நடுவில் பழைய பேப்பர், வெளியே அட்டைப் பெட்டி. இன்னொரு அக்கா, "உணவுப் பொருள் விற்கிறீங்க, பதிவு எண் எங்கே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்கு முகம் சிவந்தது. மறுவாரமே போய்ச் சிறு வியாபாரிகளுக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவை எடுத்தேன், அப்போது வருடத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். இப்போது யோசித்தால், எங்கள் சரக்கில் சித்தியின் கைப்பக்குவம் தவிர மற்ற எல்லாமே வாங்குகிறவர்கள் சொல்லித் திருத்தியதுதான். கம்பெனியில் இருந்தபோது இதே காரியத்துக்கு ஒரு ஆய்வு நிறுவனத்துக்கு லட்சக்கணக்கில் கொடுப்போம். அவர்கள் பத்துப் பேரை ஒரு அறையில் உட்காரவைத்து பிஸ்கட் கொடுத்துக் கேட்டு எழுதிக்கொண்டு வருவார்கள்.

இதற்கெல்லாம் உச்சம் சீலாச் சண்டை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

சித்தி ஒரு நாள் சீலாக் கருவாடு இருப்பதாகச் சொல்லி விலையும் சொன்னார். சென்னையிலிருந்து ஒரு அம்மா குரூப்பில் எழுதினார்: "சீலாவுக்கா இந்த விலை? நாங்கள் என்ன ஏமாளிகளா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. சீலாவுக்கு அந்த விலை ரொம்பவே குறைவு. அவர் விடவில்லை. காசிமேட்டில் சீலா என்ன விலை என்று போட்டோவோடு போட்டார். கூட இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் உள்ளூர நடுங்கினேன். கம்பெனிப் புத்தி சொன்னது, மெசேஜை அழி, அந்த அம்மாவைத் தனியாகப் பிடித்துப் பேசு, பணத்தைத் திருப்பிக் கொடுத்து வாயை அடை.

அதற்குள் தூத்துக்குடிக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். "மேடம், நீங்க சென்னையில வஞ்சிரம்னு வாங்குறதுதான் எங்க பக்கம் சீலா. உங்க ஊரு சீலா எங்களுக்கு ஊழி." சென்னை அம்மா நம்பவில்லை. ஒருவர் வெட்டிய துண்டின் படம் கேட்டார். சித்தி வெயிலில் வைத்து எடுத்து அனுப்பினார். கன்னியாகுமரிப் பக்கத்து ஒருவர், "எங்களுக்கு இது நெய்மீன்" என்றார். அப்புறம் சண்டை எங்கெங்கோ போனது. எந்த ஊரில் எதற்கு என்ன பேர், வஞ்சிரத்தைப் பொரிப்பதா குழம்பு வைப்பதா, மீன் குழம்புக்கு மாங்காய் போடலாமா கூடாதா என்று சாயங்காலம் வரை ஓடியது. மாங்காய் விஷயத்தில் ஒரு கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டு குரூப்பில் மோதினார்கள்.

"சித்தி, அட்மின் மட்டும் பேசுற மாதிரி பூட்டிரவா?" என்றேன். "விடுடா. சண்டை நடக்குற தெருவுலதான் கூட்டம் கூடும்" என்று வலையில் கிடந்த மீனைத் திருப்பிப் போடப் போய்விட்டார். ராத்திரி அந்தச் சென்னை அம்மா ஒரு கிலோ சீலா கேட்டார். "மன்னிக்கவும்" என்று எழுதவில்லை. "பார்ப்போம், வஞ்சிரமாகத்தான் இருக்கிறதா என்று" என எழுதினார். இன்றுவரை வாடிக்கை. குறை சொல்வதையும் நிறுத்தவில்லை, சித்தி அவருக்கு 'மெட்ராஸ் வாத்தியாரம்மா' என்று பேர் வைத்திருக்கிறார். அந்த வாரம் சீலா மிச்சமில்லாமல் போனது. நான் எழுதியிருக்கக்கூடிய எந்த வரியும் அதைச் செய்திருக்காது. ஏனென்றால் நான் எழுதினால் அது விற்கிறவன் பேச்சு. தூத்துக்குடிக்காரருக்கு எங்களிடம் கால் காசு வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

மார்க்கெட்டிங்கில் சமூக ஊடகம் என்ன மாற்றியது என்று கேட்டால் எல்லோரும் 'ரீச்' என்பார்கள், எங்கோ மூலையில் இருப்பவன் உலகத்துக்கே விற்கலாம் என்பார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சமாகத்தான் படுகிறது. டிவி விளம்பரத்தைப் பார்த்தவர்கள் லட்சம் பேர் இருந்தாலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எண்ணெய் தேய்த்து முடி கொட்டியவர் தன் வீட்டுக் கண்ணாடியிடம்தான் சொல்லிக்கொண்டார். இப்போது வாங்குகிறவர்கள் நம் காது கேட்கவே தங்களுக்குள் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் விற்கிறவன் ஒரு ஓரத்தில் நிற்கிற ஆள். சித்திக்கு இது புதிதே இல்லை, அவர் பாதி வாழ்க்கை அப்படி ஓரத்தில் நின்றவர்தான். புதிதாகப் பட்டது என்னைப் போன்றவர்களுக்கு.

இந்தக் கடற்கரை முழுக்க இப்போது இதுதான் நடக்கிறது. சாயல்குடிக்குத் தெற்கே மூக்கையூரிலிருந்து 'உங்கள் மீனவன்' என்று யூடியூப் சேனல் வருகிறது. கடலுக்குப் போவதை, வலை இழுப்பதை, மீன் பேர்களைக் காட்டிக் காட்டியே பெரும் கூட்டத்தைச் சேர்த்தது. கீழக்கரையில் தொதல் கிண்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். தேங்காய்ப் பாலும் அரிசி மாவும் கருப்பட்டியும் போட்டு மணிக்கணக்கில் கிண்டவேண்டிய பண்டம் அது. முன்பெல்லாம் ஊருக்கு வந்த வளைகுடாக்காரர்கள் பெட்டியில் கட்டிக்கொண்டு போவார்கள். இன்று குடும்பக் குரூப்பிலேயே ஆர்டர் போய்விடுகிறது, பணம் யுபிஐ-யில் அந்தப் பெண்ணின் கணக்கிலேயே விழுகிறது. வாசல் தாண்டாமல் நடக்கிற வியாபாரம். ஆனால் காசு யார் கையில் என்ற கேள்வி மாறியிருக்கிறது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும்.

தனுஷ்கோடியில் வேறு மாதிரி. அரிச்சல்முனை வரை 2017-இல் ரோடு திறந்தபின் மீன் பொரிக்கும் கொட்டகைகள் பெருகின. போன மாதம் போயிருந்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கொட்டகை. ஒன்றின் முன்னால் ஒரு வ்லாகரோடு எடுத்த படத்தை ஃப்ளெக்ஸில் போட்டிருந்தார்கள், இருபது பேர் வரிசையில் நின்றார்கள். அடுத்ததில் ஒரு பாட்டி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் மீன் ஒரே வள்ளத்திலிருந்துதான் வருகிறது. நான் பாட்டியிடம் சாப்பிட்டேன். மசாலா கொஞ்சம் தூக்கல்தான், பொய் சொல்லக்கூடாது.

எங்களுக்கும் ஒரு வ்லாகர் வந்தார். 2023 ஏப்ரல் முதல் வாரம். நல்ல பையன், காசு கேட்கவில்லை, ஐந்து கிலோ கருவாடு மட்டும் கேட்டான். சித்தி பரணில் நெத்திலி காயப்போடுவதை எடுத்தான். நாங்கள் மணலில் போடுவதில்லை, மூங்கில் பரண் கட்டி அதன்மேல் பழைய வலையை விரித்துத்தான் போடுவோம். அதைச் சித்தி விளக்க, அவன் நெத்திலியைக் கடித்துக் கண்ணை மூட, அரை நிமிட ரீல். மூன்றாம் நாளே போன் சூடானது. இரண்டு வாரத்தில் 600 ஆர்டர். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஏப்ரல் 15 என்றால் இந்தப் பக்கம் குழந்தைக்கும் தெரியும். அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு கொண்டுவருவதுதான். விலை ஏறிவிடும், காயப்போட மிஞ்சாது. சித்தி, "சரக்கு இல்லன்னு சொல்லிரு" என்றார். நான் சொல்லவில்லை. 600 பேர் தானாக வந்திருக்கும்போது இல்லை என்று எவனாவது சொல்வானா? வெளியூர் மொத்த வியாபாரி ஒருவரிடம் நெத்திலி வாங்கி, எங்கள் கவரில் போட்டு, எங்கள் லேபிள் ஒட்டி அனுப்பினேன். சித்தியிடம் சொல்லவில்லை.

மதுரையில் ஒருவர் அதை எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுக் கழுவினார். தண்ணீரை மெதுவாகச் சாய்த்தார். அடியில் ஒரு கரண்டி மணல். 'பாம்பன் கடற்கரையையே பார்சல் பண்ணிட்டாங்க' என்று எழுதி வீடியோ போட்டார். எங்கள் ரீலை விட அதைப் பார்த்தவர்கள் அதிகம். எனக்கே சிரிப்பு வந்தது, வயிற்றைப் பிசையவும் செய்தது.

குரூப்பில் யாரோ அதைக் கொண்டுவந்து போட்டார்கள். ஒரு மணி நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. சண்டை வந்திருந்தாலாவது தேவலை. சித்தி வீடியோவை இரண்டு முறை பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் சொன்னேன். அப்போது அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. போனை வாங்கி அமுக்கினார்:

"இது நான் காயப்போட்டது இல்ல. வெளியில வாங்கி என் பேருல அனுப்பியாச்சு. அனுப்புனது என் அக்கா மகன்தான், அவனை நீங்க வையாதீங்க, நான் வஞ்சுக்கிறேன். யாரு யாருக்கு மணலு வந்துச்சோ சொல்லுங்க, காசு வந்துரும். தடை முடியுற வரைக்கும் நம்மட்ட நெத்திலி கெடையாது."

சொன்னபடி வைதார். அதை இங்கே எழுத முடியாது. ரீல் பார்த்து வந்தவர்களில் பெரும்பாலோர் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. பழைய குரூப்பில் ஒன்பது பேர்தான் பணம் கேட்டார்கள். நான்கைந்து பேர், "அடுத்த தடவை கொசுறு கூடப் போடுங்க, சரியாப் போச்சு" என்று எழுதினார்கள். மெட்ராஸ் வாத்தியாரம்மா முழுப் பணத்தையும் வாங்கினார், கூரியர் செலவு சேர்த்து.

அந்த 600 பேரும் எங்கள் வாடிக்கை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெளிந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஒரு எழுத்துதான் வித்தியாசம். வாடிக்கை என்ற சொல்லுக்கே வழக்கமாக வந்துபோவது என்றுதான் பொருள், ஒரு தடவை கூட்டமாக வருவதற்கு அந்தச் சொல் பொருந்தாது.

ஐந்து கிலோ கருவாடு வாங்கிய பையன் அதை வீடியோவில் சொல்லவில்லை, சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஆனால் விதி இருக்கிறது. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இலேயே வழிகாட்டுதல் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் தன் பங்குக்கு விளக்கமாகச் சொல்லிவிட்டது. காசு வாங்கினாலும், இலவசமாகப் பொருள் வாங்கினாலும், விளம்பரம் என்று பார்க்கிறவருக்குப் புரிகிற மாதிரி வெளிப்படையாகச் சொல்லவேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. சித்தியிடம் இதைப் படித்துக் காட்டினேன். "ஒரு பிடி கருவாட்டுக்கா?" என்று வாயைப் பிளந்தார். அப்புறம் தானே சொன்னார், "வாத்தியாரு வீட்டுக் கொசுறைத் தெருவே பாத்துச்சு. இவன் பையில போட்டுக்கிட்டுப் போனத யாரு பாத்தா?" ஒரு துறை பக்கம் பக்கமாக எழுதிய விஷயத்தை என் சித்தி திண்ணையில் உட்கார்ந்து முடித்துவிட்டார்.

இதையெல்லாம் சொல்வதால் சமூக ஊடகம் பழைய தெருவைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது என்று நான் சிலாகிக்கவில்லை. தெரு ஊருக்குச் சொந்தம், இது அப்படி இல்லை. கடற்கரை ஏலம் பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்கு ஏலத்தில் வாய் கிடையாது. வலைக்கும் இன்ஜினுக்கும் அவர் கொடுத்த பணம் வட்டி கேட்காது, மீனைத்தான் கேட்கும். மீன் கரைக்கு வந்ததும் அவர் சொன்ன விலைக்கு அவருக்கே போடவேண்டும். வேறொரு சமூக ஊடகத் தளத்தில் எங்கள் பக்கத்தை ஆறாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். ஆரம்பத்தில் எது போட்டாலும் ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தது. இன்று முந்நூறு பேருக்குப் போனால் பெரிய விஷயம். மீதிப் பேரிடம் கொண்டுபோக 'பூஸ்ட்' பண்ணு, காசு கட்டு என்கிறது. ஒரு முறை பக்கமே நான்கு நாள் காணாமல் போனது, ஏன் போனது, எப்படித் திரும்பி வந்தது என்று கேட்க ஆளில்லை. படகு வைத்திருக்கும் மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "அட்வான்ஸ் வாங்கிட்டியாடா மாப்ள?"

வாங்கிவிட்டேன்தான். முதல் இரண்டு வருடம் இனாமாகக் கிடைத்த கூட்டம் முன்பணம்தான் என்று தெரியாமல் வாங்கினேன். மாமா மகன் டிக்டாக்கில் தொலைத்த நாற்பதாயிரம் பேர் அப்போதுதான் திரும்ப ஞாபகம் வந்தார்கள். அதனால் இப்போது ஒரு காரியம் செய்கிறேன். பெயர், ஊர், போன் நம்பர், அவர்களுக்குப் பிடித்த கருவாடு என எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் கையால் எழுதி வைக்கிறேன். விளம்பரக் கம்பெனி நண்பன் ஒருவன் வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "டேட்டாபேஸ் இருக்கு, பேக்கப்தான் இல்ல" என்றான். கரையான்தான் ஒரே பயம்.

குரூப்பில் இப்போது 412 பேர். வாட்ஸப் 1,024 பேர் வரை இடம் தருகிறது, ஆனால் நானூறு தாண்டியதும் சித்தி போதும் என்றுவிட்டார். அதற்கு மேல் அவருக்குப் பேர் நிற்கவில்லை. புதிதாகக் கேட்பவர்கள் யாராவது விலகும்வரை காத்திருக்கிறார்கள். வியாபாரப் பாடம் படித்தவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள், நானும் முதலில் அடித்துக்கொண்டேன்.

போன வாரம் பரணுக்கு அடியில் உட்கார்ந்து நெத்திலியில் தூசி பொறுக்கிக்கொண்டிருந்தபோது சித்தி கேட்டார். "அந்தக் கோயம்புத்தூர் டீச்சர் ரெண்டு மாசமா வாயத் தெறக்கலையே, என்னன்னு பாரு." பார்த்தேன். குரூப்பில்தான் இருக்கிறார், சித்தியின் வாய்ஸை எல்லாம் கேட்கிறார், ஆர்டர் மட்டும் இல்லை. கம்பெனியில் இப்படி நழுவுகிறவர்களுக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்புவோம். பத்து சதவீதம் குறைத்து ஒரு மெசேஜ் போடட்டுமா என்றேன். சித்தி என்னை அழுகின மீனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, போனை வாங்கி அவருக்கு அடித்தார். இருபது நிமிடம் பேசினார்கள். டீச்சருக்கு ரத்த அழுத்தம். டாக்டர் உப்பைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். கருவாட்டு வாசம் பேச்சில் வந்தாலே நாக்கு ஊறுகிறது, அதனால்தான் ஒன்றும் எழுதுவதில்லை என்றாராம்.

மறுநாள் பரணின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு வலைத்துண்டை விரித்து, உப்பே போடாமல் கொஞ்சம் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. "டாக்டர்ட்டக் கேட்டுட்டு சாப்பிடணும்னு சீட்டு எழுதி உள்ள வையி" என்றார். அரைக் கிலோ கட்டினேன். எக்செலில் என்னவென்று போடுவது?

"கொசுறுன்னு போடு."

"வாங்காதவங்களுக்கு ஏது சித்தி கொசுறு?"

"போன தடவை வாங்குனாங்கள்ல, அதுக்கு."

விலை என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். கூரியர்க்காரர் பெட்டியை மூக்கருகே கொண்டுபோனார், தலையாட்டினார், எடை போட்டார். 70 ரூபாய் ஆனது.